அடைச்சு வச்சவங்க கையிலயே பட்டியலும் இருந்தா?

வணக்கம் நேயர்களே. நம்ம ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு மனு போட வர்ற அம்மாக்கள் தண்டனை, நஷ்டஈடுன்னு எதையும் முதல்ல கேக்கறதில்ல, புள்ள எங்க இருக்கான்னு சொல்லச் சொல்லுங்க சார்னுதான் கேப்பாங்க. சண்டை நடக்கற நாட்டுல இதே கேள்விய ஒரு அரசாங்கத்துகிட்ட கேட்டா என்ன நடக்குது, அதைத்தான் இன்னைக்கு பேசணும்னு வந்திருக்கேன்.

கென்யாவ எடுத்துக்குவோம். 1950கள்ல பிரிட்டிஷ் ஆட்சி, தன்னை எதிர்த்துக் கிளம்பின மௌ மௌங்கற போராட்டத்த அடக்கறேன்னு ஆயிரக்கணக்கான கிக்குயு ஜனங்கள முகாம்ல அடைச்சுது. 1959 மார்ச்ல ஹோலா முகாம்ல 11 பேர அடிச்சே கொன்னாங்க, ஆனா தண்ணி குடிச்சதுக்கு அப்புறம் செத்துப்போனாங்கன்னுதான் அரசாங்கம் முதல்ல சொல்லுச்சு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே அங்க அட்டர்னி ஜெனரலா இருந்த எரிக் கிரிஃபித் ஜோன்ஸ் கவர்னருக்கு ஒரு லெட்டர் எழுதறாரு, பாவம் பண்ணித்தான் ஆகணும்னா சத்தமில்லாம பண்ணணும்னு. சட்டம் படிச்ச மனுஷன் எழுதினதுங்க இது, எனக்கு இன்னும் மனசு ஆறல.

1963ல சுதந்திரம் குடுத்துட்டு கிளம்பறப்போ மாட்டிவிடக்கூடிய ஃபைல்ல கொஞ்சத்த எரிச்சாங்க, மிச்சத்த இங்கிலாந்துக்கு தூக்கிட்டுப் போயிட்டாங்க. 2009ல வயசான அஞ்சு கென்யர்கள் லண்டன்ல கேஸ் போட்டாங்க. பொறுப்பெல்லாம் சுதந்திரத்தோட கென்யா அரசாங்கத்துக்குப் போயிடுச்சுன்னு பிரிட்டன் வாதாடுச்சு, அது எடுபடலன்னதும் காலம் கடந்துபோச்சுன்னு சொல்லுச்சு. இதுக்கு நடுவுல 2011ல, ஹான்ஸ்லோப் பார்க்ங்கற அரசாங்க வளாகத்துல அந்த ஃபைல்லாம் பத்திரமா இருக்குன்னு ஒத்துக்க வேண்டி வந்துச்சு. இவ்ளோ ஆவணம் இருக்கறப்போ இப்பவும் நியாயமா விசாரிக்கலாம்னு 2012ல ஜட்ஜ் சொல்லிட்டாரு. 2013 ஜூன்ல 5,228 பேருக்கு, வழக்குச் செலவும் சேத்து 1.99 கோடி பவுண்டு. அப்போ பிரிட்டன் வெளியுறவு அமைச்சரா இருந்த வில்லியம் ஹேக் பார்லிமென்ட்ல வருத்தம் தெரிவிச்சாரு, சட்டப்படி பொறுப்ப மட்டும் ஏத்துக்கல.

அம்பது வருஷம் கழிச்சாவது இவ்ளோ நடந்துச்சுன்னா, எரியாம தப்பிச்ச காகிதம் அதுக்கு ஒரு பெரிய காரணம்.

இப்போ நமக்குப் பக்கத்துல பாருங்க. 2009 மே மாசம் முல்லைத்தீவுல ராணுவத்துகிட்ட தன் கையாலயே புள்ளைய, புருஷன ஒப்படைச்ச பொம்பளைங்க 2017 பிப்ரவரில கிளிநொச்சில ரோட்டோரமா உக்காந்தாங்க. சரணடைஞ்சவங்க பட்டியல வெளியிடுங்கன்னாங்க, அவ்ளோதான். பதில் தெரியாமலே எத்தனையோ அம்மாக்கள் கண்ண மூடிட்டாங்க.

ரெண்டு நாட்டுக்கு நடுவுல போர்னா, பிடிபட்ட சிப்பாய் ஒரு வாரத்துக்குள்ள வீட்டுக்கு கார்டு எழுத ஜெனீவா ஒப்பந்தம் வழி பண்ணியிருக்கு. உள்நாட்டுப் போருக்குன்னு அதுல இருக்கற மூணாவது பிரிவு கொடுமை பண்ணக்கூடாதுங்குது, பேர எழுதிவைன்னு ஒரு வரி கிடையாது. அந்த ஓட்டைய அடைக்க வந்ததுதான் வலிந்து காணாமலாக்கப்படுறதுக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தம், யார எப்போ எங்க வச்சிருக்கோம், உத்தரவு போட்டது யாரு, எல்லாத்தையும் பதிஞ்சு வைக்கணும், சொந்தக்காரங்களுக்கு தகவல் சொல்லணும்னு அது சொல்லுது. இலங்கை அத 2016லயே ஏத்துக்கிச்சு, ஆனா அந்த அம்மாக்கள் கேட்ட பட்டியல் இன்னும் அவங்க கைக்கு வரல.

நம்ம இந்தியா அதே ஒப்பந்தத்துல 2007ல கையெழுத்து போட்டுச்சு, ஆனா சட்டப்படி கட்டுப்படற மாதிரி உறுதி செய்யவே இல்ல. சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தமும் 1997ல இருந்து அப்படியேதான் கிடக்கு. கிளிநொச்சி அம்மாக்களுக்காக சென்னையில கூட்டம் போடறோம், போடணும்தான், ஆனா டெல்லியும் இத உறுதி செய்யணும்னு நாம கேக்கணும், யார அடைச்சு வச்சிருக்காங்கங்கற பதிவேட்டோட ஒரு நகல் ராணுவமோ போலீஸோ தொட முடியாத கோர்ட்ல இருக்கணும்னு சட்டத்துலயே எழுதச் சொல்லணும், உங்க எம்.பி. ஓட்டு கேட்டு வர்றப்போ இத ரெண்டையும் கேளுங்க.