படத்தின் பின்பக்கம்

நண்பர்களே, வணக்கம். ஒளியைப் பற்றியும் லென்ஸைப் பற்றியும் எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். நான் படத்தின் பின்பக்கத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆமாம், படத்தில் இருப்பது யார், எங்கே, எப்போது என்று எழுதிவைக்க வேண்டிய அந்த வெள்ளைப் பக்கம்தான்.

பல வருஷங்களுக்கு முன்னால் ஆற்றங்கரையில் ஒரு பெரியவரைப் படம் எடுத்தேன். கவிழ்த்துப் போட்ட படகின் பலகை இடுக்கில் நாரைத் திணித்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். காதை மரத்தோடு ஒட்டிவைத்து, சத்தம் மாறுகிறதா என்று கேட்டுக் கேட்டுத் தட்டுவார். அந்தக் காது வைத்த கணத்தைத்தான் எடுத்தேன். கண்காட்சியில் ஒரு பெண் அதன் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, "இவர் பேர் என்ன சார்?" என்றாள். வீட்டுக்கு வந்து குறிப்பேட்டைப் புரட்டினேன். 85 மில்லிமீட்டர் லென்ஸ், அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) 4. அவ்வளவுதான். லென்ஸுக்குக் கொடுத்த மரியாதையை அந்த மனிதருக்கு நான் கொடுக்கவில்லை.

பெரிய ஆட்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1936இல் அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரதியா லேஞ்ச் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் ஒரு தாயைப் படமெடுத்தார். ஒரு மாதம் அலைந்து களைத்து வீடு திரும்பும் வழி. முகாமின் பலகையைப் பார்த்தும் நிற்காமல் 20 மைல் போய், மனசு கேட்காமல் வண்டியைத் திருப்பியவர். பத்தே நிமிஷ வேலை. களத்தில் விரிவாகக் குறிப்பெழுதும் பழக்கம் உள்ளவர்தான். அன்றைக்கு மட்டும் பெயரைக் கேட்கவில்லை. அவரே பின்னாளில் இதை எழுதியிருக்கிறார். உலகமே அறிந்த அந்த முகம் ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பதும், அவர் செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடி இனப் பெண் என்பதும் 1978இல்தான் வெளியே வந்தது. என் பேரைக்கூட அவர் கேட்கவில்லை என்று அந்த அம்மா மனத்தாங்கலோடு சொன்னார்.

ஜெர்மனியில் ஆகஸ்ட் சாண்டர், வெஸ்டர்வால்ட் கிராமங்களுக்குச் சைக்கிளில் கேமராவைக் கட்டிக்கொண்டு போனவர். மனிதர்களைத் தொழில்வாரியாக அடுக்கினார். 1914இல் மண்பாதையில் மூன்று இளைஞர்கள் கோட்டும் தொப்பியும் கைத்தடியுமாக, நடனத்துக்குப் போகிற வழியில் திரும்பிப் பார்க்கிறார்கள். தலைப்பு, 'இளம் விவசாயிகள்'. பல பத்தாண்டுகள் கழித்து ஒருவர் தேடிப் போனார். மூன்று பேருக்கும் பிழைப்பு இரும்புத்தாதுச் சுரங்கத்தில்! ஒருவர் முதல் உலகப் போரிலேயே மாண்டுபோயிருந்தார். சாண்டரின் படங்கள் எனக்கு உயிர். ஆனாலும் அந்தத் தலைப்பை இனி நம்பிப் படிக்க முடியவில்லை.

நிலத்துக்கும் இதே கதைதான். 1860, 1870களில் அமெரிக்க மேற்குப் பகுதியை ஓ'சல்லிவன், ஜாக்சன் என்ற புகைப்படக்காரர்கள் எடுத்த படங்களை, இன்னொரு புகைப்படக்காரரான மார்க் கிளெட்டின் குழு 1977லிருந்து அதே இடத்தில் நின்று மறுபடி எடுத்தது. எங்கே நின்றார்கள் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. கிட்டப் பாறைக்கும் எட்டப் பாறைக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளந்து அளந்து நகர வேண்டும். நிழலை வைத்து மாதத்தையும் மணியையும் ஊகிக்க வேண்டும். முன்னே போனவர் இரண்டு வரி எழுதிவைத்திருந்தால்?

இப்போதுதான் எல்லாம் ஃபைலுக்குள்ளேயே பதிவாகிறதே என்பீர்கள். கேமராக் கடிகாரத்தைச் சரியாக வைத்திருக்கிறீர்களா? எத்தனை பேர் கை தூக்குகிறீர்கள் பார்க்கலாம்... அதுதான் சேதி. படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக இல்லாமல் சாதாரணப் படமாக அனுப்பினால் எடுத்த இடமும் நேரமும் கழன்று போய்விடும். அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தாலும், எதிரே நின்றவர் பெயரை எந்தக் கேமராவும் தானாகக் கேட்டு எழுதாது. சிலர் பெயர் வேண்டாம் என்பார்கள், அவர்கள் விருப்பம். அதையும் எழுதிவையுங்கள், மறந்துபோனதாக ஆகிவிடக் கூடாது.

இந்தச் சுவரில் மூன்றாவது படம். கூடையைத் தலையில் தூக்கிவிட யாராவது வருவார்களா என்று ஒரு அம்மா பார்த்து நிற்கிறார். அருமையான படம், கண்ணில் அந்தக் காத்திருப்பு அப்படியே இருக்கிறது. அட்டையில் 'உழைப்பு' என்று எழுதியிருக்கிறது. எடுத்த தம்பி இரண்டாம் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

தம்பி, அந்த அம்மா பேர் என்ன?