கிளிநொச்சி என்ற பெயர் 'ந'வோடு நின்றது ஏன்?

வணக்கம் உறவுகளே. இரணைமடு வான்கதவுகள் திறந்த காணொளியின் இரண்டாம் பகுதியை ஞாயிற்றுக்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தேன். தரவில்லை. அது ஏன் தாமதமானது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். காரணத்தைக் கண்டுபிடித்த மகிழ்ச்சி இன்னும் அடங்கவில்லை. நேற்று இரவு பதினொரு மணிக்கு உறங்கிக்கொண்டிருந்த அம்மாவை எழுப்பியே சொன்னேன்.

என் பழக்கம் உங்களுக்குத் தெரியும். காணொளிகளை மவுஸால் இழுத்துப் போடுவது எனக்குப் பிடிக்காது. லினக்ஸில், பாஷ் ஷெல்லில் (நாம் தட்டும் கட்டளைகளை வாங்கிச் செய்யும் நிரலில்), கட்டளை எழுதித்தான் எல்லாம் செய்வேன். கோப்புகளுக்குத் தமிழில்தான் பெயர் வைப்பேன். ஊர், குளம், திகதி, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் வைத்தால் சுலபம் என்று ஒவ்வொரு முறையும் யாராவது எழுதுகிறீர்கள். முத்தையன்கட்டுக்கு முத்தையன்கட்டு என்றுதான் பெயர். அதை வேறு எழுத்தில் எழுதி வைக்க எனக்கு மனம் வராது.

முழுப் பெயரையும் தட்டச்சிட வேண்டியதில்லை. முதல் இரண்டு எழுத்தைத் தட்டி டாப் விசையை அழுத்தினால் மீதியை ஷெல் நிரப்பிவிடும். 'முறி' என்றால் முறிகண்டி. 'மாங்' என்றால் மாங்குளம். சென்ற கிழமை 'கி' என்று தட்டி டாப் அழுத்தினேன். 'கிளிந' என்று வந்து நின்றுவிட்டது.

அந்தக் கோப்புறையில் 'கி'யில் தொடங்குகிற எல்லாமே கிளிநொச்சி. அப்படியானால் கிளிநொச்சி வரை போய்த்தானே நிற்க வேண்டும்? நானே 'ொ'வைத் தட்டி மறுபடி டாப் அழுத்தினேன். நான் எடுத்த காட்சிகள் மட்டும் வந்தன. புதுக்குடியிருப்பிலிருந்து மச்சாள் அனுப்பிய காட்சிகள் வரவில்லை. பட்டியலிட்டுப் பார்த்தால் இருக்கின்றன, ஒரே பெயர், ஓர் எழுத்துகூட மாறவில்லை. மூன்று இரவுகள் இதிலேயே போயின. விசைப்பலகையைத் துடைத்தேன், எழுத்துருவை மாற்றினேன், கணினியை அணைத்து அணைத்துப் போட்டேன்.

வழி காட்டியது கொக்கிளாய். மச்சாள் அனுப்பியவற்றில் முல்லைத்தீவு சரியாக முடிந்தது, ஒட்டுசுட்டான் முடிந்தது, பரந்தன் முடிந்தது. கொக்கிளாயும் கிளிநொச்சியும் மட்டும் முடியவில்லை. இரண்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? கொ, நொ. அதே குறி!

உடனே பெயரின் பைட்டுகளை, அதாவது கணினி எழுத்தைச் சேமிக்கும் சிறு அலகுகளை, எண்ணினேன். நான் எழுதிய கிளிநொச்சி 30 பைட்டு. மச்சாள் எழுதிய கிளிநொச்சி 33 பைட்டு. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோட்டில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியீட்டுக்கும், அந்த எண்களைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டு என்பதால், எங்கோ ஒரு குறியீடு கூடுதலாக இருக்கிறது. அந்த 'ொ'வை இரண்டு விதமாக எழுதலாம். 3018 என்ற ஒரே எண்ணாக எழுதலாம்; அல்லது ஒற்றைக் கொம்பை 3014 என்றும் காலை 3006 என்றும் தனித்தனியே எழுதலாம். 'ோ', 'ௌ' இரண்டுக்கும் இதே கதைதான். இரண்டும் ஒன்றுக்கொன்று சமம் என்பது யுனிகோட்டின் விதி. திரையில் வேறுபாடே தெரியாது. ஆனால் லினக்ஸில் டாப் விசை விதியைப் பார்ப்பதில்லை, எண்களைப் பார்க்கிறது. 'ந' வரை எண்கள் ஒன்றாக இருந்தன, அங்கே பிரிந்தன, அங்கேயே நின்றது. என் ஊரின் பெயர் நடுவில் பிளந்து கிடந்திருக்கிறது! அம்மாவை எழுப்பியது இந்த இடத்தில்தான்.

மச்சாள் மேல் பிழை இல்லை. அவர் பயன்படுத்தும் தட்டச்சு முறை கொம்பையும் காலையும் தனித்தனியே எழுதி வைக்கிறது, அவ்வளவுதான்.

திருத்துவதற்கு கான்வ்எம்வி என்றொரு சிறிய கருவி இருக்கிறது. யுடிஎஃப்-8இலிருந்து யுடிஎஃப்-8க்கே மாற்றச் சொல்லி, என்எஃப்சி என்ற தெரிவைக் கொடுத்தால், பிரிந்து கிடக்கும் குறிகளை ஒன்றாக்கிப் பெயரை மாற்றிவிடும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, முதலில் எதையும் தொடாமல் என்னென்ன மாறும் என்று மட்டும் காட்டுவது. நோடெஸ்ட் என்று நீங்கள் சேர்த்த பிறகே உண்மையில் மாற்றும். எல்லாக் கருவிகளும் இப்படி மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும்.

'கி', டாப். கிளிநொச்சி. ஒரு பத்துத் தடவையாவது அழுத்திப் பார்த்திருப்பேன்.

பொறுங்கள், ஒன்றை விட்டுவிட்டேன். இதற்கு முன்பே டாப் விசையில் இன்னொரு மாற்றம் செய்திருந்தேன். என் கமரா ஒவ்வொரு காட்சிக்கும் தரம் குறைந்த நகல் ஒன்றும் சிறுபடம் ஒன்றும் சேர்த்து எழுதுகிறது. அதனால் ஒரு காட்சிக்கு மூன்று பெயர்கள் வந்து குவியும். பாஷில் எஃப்-இக்னோர் என்றொரு மாறி (அமைப்பு ஒன்றைக் குறித்து வைக்கும் பெயர்) உண்டு. கோப்புப் பெயரின் இறுதியில் வரும் பின்னொட்டுகளில் வேண்டாதவற்றை முக்காற்புள்ளியிட்டு அதில் எழுதினால், அப்படி முடியும் கோப்புகள் டாப் பட்டியலில் வராது. கமரா பின்னொட்டை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதினால் நீங்களும் பெரிய எழுத்திலேயே எழுத வேண்டும். நான் சிறிய எழுத்தில் எழுதி அரை மணி நேரத்தை இழந்தேன்.

ஆனால் அந்த நகல்களை அழிக்கப் போனபோது டாப் விசை ஒன்றையுமே காட்டவில்லை. கோப்புகள் தொலைந்துவிட்டன என்று நெஞ்சு படபடத்தது. தொலையவில்லை. வேறு பொருத்தம் எதுவும் இல்லாதபோதுகூட அவற்றை மறைப்பதுதான் பாஷின் இயல்பு. பாஷின் அமைப்புகளை மாற்றும் ஷாப்ட் கட்டளையால் ஃபோர்ஸ்-எஃப்-இக்னோர் என்பதை அணைத்துவிடுங்கள். அதன்பின், அது ஒன்றே மீதியிருந்தால் காட்டும்.

விசைகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் இன்புட்ஆர்சி கோப்பில் இரண்டு வரிகள் வைத்திருக்கிறேன். ஒன்று, பெரிய எழுத்து சிறிய எழுத்து பார்க்காமல் முடிப்பதற்கு. மற்றது, இரண்டு முறைக்குப் பதில் ஒரே அழுத்தலில் பட்டியலைக் காட்டுவதற்கு. எழுதிய பின் கன்ட்ரோல்-எக்ஸ், கன்ட்ரோல்-ஆர் அழுத்துங்கள், அப்போதுதான் ஷெல் மறுபடி வாசிக்கும். டாப் விசைக்கு மெனு-கம்ப்ளீட் வையுங்கள் என்று சென்ற காணொளிக்குக் கீழே சிலர் எழுதியிருந்தீர்கள். அது எனக்கு வேண்டவே வேண்டாம். நான் கேட்காமலே முதற்பெயரை எடுத்து வரியில் போட்டுவிடுகிறது. அழிக்கும் கட்டளையில் அப்படி வந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே கை நடுங்குகிறது.

இனி மச்சாளிடமிருந்து வரும் எந்தக் கோப்புறையையும் முதலில் கான்வ்எம்வி வழியாக அனுப்பிவிட்டுத்தான் திறப்பேன். கொக்குத்தொடுவாய்க் காட்சிகள் இன்று காலை வந்திருக்கின்றன. அந்த ஒரு பெயரில் இந்தக் குறி இரண்டு இடத்தில் வருகிறது. இப்போதே ஓடவிடுகிறேன், திரையைப் பாருங்கள்.