அங்கதம் யாரைக் கூண்டில் ஏற்றுகிறது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஊழலையும் வறுமையையும் அநீதியையும் தோலுரித்துக் காட்டுவது உள்ளதை உள்ளபடி சொல்லும் கதையா, சிரிக்க வைத்தே சாடும் அங்கதக் கதையா என்பது இன்றைய தலைப்பு. சிரிக்க வைக்கும் கதை துயரத்தை மலிவாக்கிவிடும் என்றார் எதிரணித் தலைவர். நான் மறுக்கிறேன். கண்ணீர்க் கதையில் நாம் எப்போதும் பாதிக்கப்பட்டவர் பக்கம் போய் நின்றுகொள்கிறோம். அங்கதம் நம்மையும் கூண்டில் ஏற்றுகிறது.

புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுள் சென்னைக்கு வருகிறார். வந்தவரிடம் கந்தசாமிப் பிள்ளை தம் பத்திரிகைக்கு ஜீவிய சந்தா, அதாவது ஆயுள் சந்தா, கேட்கிறார். பணக்காரர் வீட்டில் கடவுள் ஆடிய கூத்து கலையாகவே மதிக்கப்படவில்லை. ஆனால் கூலி வாங்கிய ரிக்‌ஷாக்காரன் மனம் குளிர்ந்து கடவுளை வாழ்த்துகிறான். பெரியவரை நீ வாழ்த்துவதா என்று பிள்ளை அதட்டுகிறார். கடவுளுக்கோ அந்த வாழ்த்து இனிக்கிறது. ஏழையின் பசியைப் பற்றி அந்த இடத்தில் ஒரு புலம்பல்கூட இல்லை. இருந்தும், வாழ்த்துவதற்குக்கூடத் தகுதி பார்க்கும் சமூகம் எது என்பது அந்த ஓர் அதட்டலில் தெரிந்துவிடுகிறது. பிள்ளை கொடியவர் அல்லர், நம்மைப் போன்றவர். என் நெஞ்சில் தைப்பது அதுதான்.

ரஷ்யாவில் 1836-இல் மேடையேறிய கோகோலின் ‘அரசு ஆய்வாளர்’ நாடகமும் இப்படித்தான். வழிப்போக்கனான ஓர் இளம் குமாஸ்தாவை அரசு ஆய்வாளர் என்று நம்பி, ஊர் அதிகாரிகள் கடன் என்ற பெயரில் கையூட்டைத் திணிக்கிறார்கள். இறுதியில் நகரத் தலைவரே அவையைப் பார்த்து, யாரைக் கண்டு சிரிக்கிறீர்கள், உங்களைக் கண்டுதானே என்கிறார்.

லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு 1952 முதல் இயங்கிவரும் சிங்கப்பூரில் அங்கதத்துக்கு என்ன வேலை என்று எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் கேட்டார். சட்டம் கையூட்டு வாங்கிய கையைப் பிடிக்கும். கண்டும் காணாமல் போகிற நம் மனத்தைப் பிடிக்க அதனால் முடியாது. சாலையில் போகும் லாரியைப் பாருங்கள். சரக்கோடு சேர்த்து எவ்வளவு எடை இருக்கலாம், எத்தனை ஆள் ஏற்றலாம் என்ற இரண்டும் அதன் மேல் எழுதப்பட்டிருக்கும். பின்தட்டில் நம் மொழி பேசும் தொழிலாளர்களும் அமர்ந்திருப்பார்கள். செய்தியில் படித்தால் ‘பாவம்’ என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவோம். அங்கத எழுத்தாளர் கையில் அந்த லாரி கிடைத்தால், என்னை எந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள் ஐயா, ஆள் கணக்கிலா எடைக் கணக்கிலா என்று ஒரு தொழிலாளி பணிவாகக் கேட்பார். முதலாளியும் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாகவே பதில் சொல்வார். அந்த மரியாதையில், குளிரூட்டிய காருக்குள் இருக்கும் நம் குரலும் நமக்கே கேட்கும். அப்படி நம் குரலை நமக்கே கேட்கவைத்த நேரடிக் கதை ஒன்றை எதிரணியின் அடுத்த பேச்சாளர் இந்த அவையில் எடுத்துக்காட்டட்டும்.