எலிக்கு ஆறுகிறது, நமக்கு?

நேயர்களுக்கு வணக்கம். “எலிக்குக் கொணமாயிட்டாமே, நமக்கு எப்ப சார்?” பாளையங்கோட்டையில் என்னிடம் வரும் மல்டிபிள் ஸ்கிலீரோசிஸ் (நரம்பின் மேலுறை அரிக்கப்படும் நோய்) நோயாளிகள், மருந்து கொடுத்ததும் எலிக்கு அந்த உறை மறுபடி வளர்ந்தது என்ற செய்தியைப் போனில் காட்டிக் கேட்பது இதைத்தான்.

வாழைமரத்தைக் குறுக்கே வெட்டினால் நடுத்தண்டைச் சுற்றி மட்டைமேல் மட்டையாக இருக்கும் அல்லவா? நரம்பிழையைச் சுற்றி மயலின் உறை அப்படித்தான் இருக்கிறது. இந்த நோயில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அதை அரித்துவிடுகிறது. உறை போன நரம்பில் சூடு ஏறினால் சிக்னல் தடுமாறும். சித்திரை வெயிலில் ஜங்ஷன் வரை நடந்தால் சிலருக்குக் கண் மங்குவதும், நிழலில் உட்கார்ந்தால் தெளிவதும் அதனால்தான்.

சரி, எலி விஷயத்துக்கு வருவோம். குப்ரிசோன் என்ற ரசாயனத்தைத் தீனியில் 0.2 சதவீதம் கலந்து ஐந்தாறு வாரம் கொடுப்பார்கள். மூளையின் இரு பாதிகளை இணைக்கும் நரம்புக் கற்றையில் உறை உரிந்துவிடும். தீனியை மாற்றியதும், மருந்தே இல்லாமல், சில வாரங்களில் புது உறை வளரத் தொடங்கும். பழையதைவிடக் கொஞ்சம் மெலிதாக. இதைச் செய்தியில் யாரும் சொல்வதில்லை! அதாவது, இளம் எலி தானாகவே ஆறிக்கொள்ளும். மருந்து அந்த வேகத்தைக் கூட்டுகிறதா என்பதுதான் சோதனை. எதிர்ப்புச் சக்தியின் தாக்குதலைப் பார்க்க வேறு வகைச் சோதனை எலிகள் இருக்கின்றன.

வயதானால் கதை வேறு. உறையைக் கட்டும் ஆலிகோடென்ட்ரோசைட்டாக முதிர வேண்டிய இளம் செல்கள் பக்கத்திலேயே இருந்தும் முதிர மறுக்கின்றன. 2019-இல் கிழட்டு எலிகளுக்குச் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் கொடுத்தபோது அந்தச் செல்கள் மறுபடி வேலையில் இறங்கின. எனக்குப் பெரிய நம்பிக்கை தருவது இந்த ஆய்வுதான்.

அப்புறம், அலர்ஜிக்கான பழைய மருந்து கிளெமாஸ்டீன். எலியில் நன்றாக வேலை செய்தது. 2017-இல் வெளியான ஆய்வில் 50 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கண்ணிலிருந்து மூளைக்குச் சிக்னல் போகும் தாமதம் சராசரியாக 1.7 மில்லிசெகண்ட் குறைந்தது. சின்ன எண்தான், ஆனால் மனிதரிலும் உறையைச் சீராக்க முடியும் என்பதற்கான அறிகுறி. அசதிதான் கூடவே வந்த தொல்லை. பிறகு அமெரிக்காவில், நோய் படிப்படியாக முற்றும் வகையினருக்குக் கொடுத்தபோது சிலருக்கு நோய் வேகமெடுத்ததால் அந்த மருந்தை நிறுத்தினார்கள். எனவே, “அலர்ஜி மாத்திரைதானே” என்று மெடிக்கலில் கேட்டு நீங்களாகப் போடாதீர்கள். இப்போது சாப்பிடும் மருந்தையும் நிறுத்த வேண்டாம். அது புதிய தாக்குதலைத் தடுக்கிறது; உறையைக் கட்டும் மருந்து வந்தாலும் அதோடு சேர்த்துத்தான் கொடுப்போம். வணக்கம்.