மதுரையா, சிதம்பரமா?

பெருமதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களே, இந்த வெயிலிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வார்டு உறுப்பினர் அம்மா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய படிப்பகத்துத் தம்பிமார்களே, இடமில்லாமல் வாசலில் நிற்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மீனாட்சிசுந்தரம் என்ற பெயரைப் பற்றி மூன்று செய்தி சொல்ல வந்தேன். அது பிறந்த விதம், அதைத் தாங்கிய பெரியவர்கள், அது என்னை ஒருநாள் அழவைத்த கதை.

ஆம்பளைப் பிள்ளைக்கு வைக்கிற பெயர். ஆனால் மீனாட்சி அம்மன் முன்னால், சுந்தரேசுவரரான சொக்கர் பின்னால்! சம்பந்தரும் மதுரையை, மீனாட்சியை முன்னால் வைத்து, "அங்கயற்கண்ணி தன்னொடும் அமர்ந்த ஆலவாய்" என்றுதான் பாடினார். சித்திரையில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம், நான்கு மாதம் அவள் ஆட்சி. ஆவணியில்தான் சொக்கருக்குப் பட்டம். 'உங்க வீட்டில் மதுரையா, சிதம்பரமா?' என்று சும்மாவா கேட்கிறார்கள்? மனைவி சொல் நடந்தால் மதுரை, கணவன் சொல் நடந்தால் சிதம்பரம்!

உ.வே.சா.வின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, 1815இல் பிறந்தவர். அப்பா பெயர் சிதம்பரம். பிள்ளைக்கு வாய்த்ததோ மதுரைப் பெயர். 1966இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக வந்தவர் தெ.பொ.மீ. என்ற தெ.பொ. மீனாட்சிசுந்தரம். கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவிக்குப் பரதம் கற்றுக்கொடுத்தவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை.

என் அப்பாவும் மீனாட்சிசுந்தரம்தான். எனக்கு ஆறு வயசு. சித்திரைத் திருவிழாவில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை அன்று, மதுரை தல்லாகுளத்தில் கள்ளழகரைப் பார்க்கிற கூட்டத்தில் அப்பா கையை விட்டுவிட்டேன். ஒருத்தர் என்னைத் தூக்கிப்போய் மைக் இருந்த பந்தலில் உட்காரவைத்து, அப்பா பேரைக் கேட்டார். சொன்னேன். "மீனாட்சிசுந்தரம் எங்கிருந்தாலும் வரவும், பையன் இங்கே இருக்கான்" என்று அறிவித்தார்கள். வந்தார்கள் ஐயா, ஒன்பது மீனாட்சிசுந்தரம்! ஒருத்தர் கையில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற தோல்பைத் துருத்தி, தண்ணீர் சொட்டுகிறது. இன்னொருத்தர் மொட்டைத்தலையில் சந்தனம். ஒவ்வொருத்தரும் என் முகத்தைப் பார்த்து "இது நம்ம பய இல்லையே" என்று திரும்புகிறார்கள். நான் தேம்பித் தேம்பி அழுகிறேன். அப்போது பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு ஆத்தா சொன்னது: "அட, அவங்க அம்மா பேரைக் கேளுங்கப்பா!" பேச்சியம்மா என்றேன். "பேச்சியம்மா மகன்" என்று மைக்கில் சொன்னதும் என் அப்பா ஓடி வந்தார்.

அந்தப் பேச்சியம்மா என் இனிஷியலில் இல்லை. பள்ளியில் சேர்த்தபோது அப்பா எழுத்து மட்டும் போதும் என்றுவிட்டார்கள். மகாவித்துவானைப் பெற்ற அன்னத்தாச்சியை எத்தனை பேருக்குத் தெரியும்? அம்மன் பெயரை முன்னால் வைத்த ஊர் இது. பெற்றவள் பெயருக்கு ஓர் எழுத்து இடமில்லையா? உங்க வீட்டில் மதுரையா, சிதம்பரமா?

தலைவர் ஐயா மணியடித்துவிட்டார். வாசல் மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. அம்மா எழுத்து முதலில், அப்பா எழுத்து அடுத்து, பிறகு உங்கள் பெயர் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். முதல் வரியில் நான் பே.மீ. என்று தொடங்கி எழுதியிருக்கிறேன்.