50-ஐ 45 ஆக்கினா இழப்பு 10 கோடிதானா?

நேயர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "பிரிட்டன்ல பெரிய வருமானக்காரங்களுக்கு வரியை 50 சதவீதத்துல இருந்து 45 ஆக்கினப்போ, அரசுக்கு 10 கோடி பவுண்டுதான் இழப்புன்னாங்க. நம்பலாமா?"

அது 2012 மார்ச் பட்ஜெட்ல சொன்ன மதிப்பீடு. அப்போ வருஷத்துக்கு 1,50,000 பவுண்டைத் தாண்டுற வருமானத்துக்குத்தான் அந்த வரி இருந்துச்சு. 10 லட்சம் சம்பாதிக்கிறவருக்கு மேல்தொகை 8,50,000. அதுல 5 சதவீதம்னா 42,500 பவுண்டு மிச்சம். இப்படி எல்லாருக்கும் கூட்டினா அரசுக்கு இழப்பு சுமார் 300 கோடி. வரி குறைஞ்சா இவங்க கூடுதலா வருமானம் காட்டுவாங்க, 290 கோடி திரும்ப வந்துடும்னு வரித்துறை கழிச்சுக்கிச்சு.

எப்படிக் கழிச்சாங்க? 100 பவுண்டுல கையில நிக்கிறது 50-ல இருந்து 55 ஆகுது, அதாவது 10 சதவீதம் கூடுது. அதுக்கு ஈடா காட்டுற வருமானம் எவ்வளவு ஏறும்ங்கிறதுக்கு 0.45-னு ஒரு அளவு வச்சாங்க. அப்போ 4.5 சதவீதம் ஏறணும். அதை 0.35-னு வச்சுப் பாருங்க: அதே விகிதத்துல திரும்பி வர்றது சுமார் 225 கோடி, இழப்பு 75 கோடி. மொத்தக் கணக்கும் இந்த ஒரு எண்ணுல தொங்குது.

அந்த எண்ணோ தடுமாறின வருஷத்துல இருந்து எடுத்தது. வரியை 50 சதவீதமா உயர்த்தப் போறோம்னு 2009 ஏப்ரல்லயே அறிவிச்சுட்டு, 2010 ஏப்ரல்லதான் அமலுக்குக் கொண்டு வந்தாங்க. சொந்தக் கம்பெனி வச்சிருக்கிறவர் டிவிடெண்டை, அதாவது லாபத்துல தன் பங்கை, எப்போ எடுக்கணும்னு அவரே முடிவு பண்ணலாம் இல்லையா? 1,600-ல இருந்து 1,800 கோடி பவுண்டு வரைக்கும் வருமானத்தை 2009-10 கணக்குலேயே முன்கூட்டி எடுத்துட்டாங்கன்னு வரித்துறையே சொல்லுது. அடுத்த வருஷம் வருமானம் சரிஞ்சதுல ஒரு பெரிய பங்கு இந்த நகர்த்தல்தான். நிரந்தர இழப்பு எது, நகர்த்தல் எதுன்னு அந்த ஒரே வருஷ விவரத்தை வச்சுப் பிரிச்சாங்க. பட்ஜெட் கணக்கைச் சரிபார்க்கிற சுயாதீன அலுவலகமும் இதுல நிச்சயமின்மை ரொம்ப அதிகம்னுதான் சொல்லுச்சு.

குறைக்கும்போதும் இதே கதை, தலைகீழா. 2012 மார்ச்ல அறிவிப்பு, 2013 ஏப்ரல் 6-ல அமல். போனஸையும் டிவிடெண்டையும் அந்தத் தேதிக்கு அப்புறம் தள்ளி வச்சாங்க. 2013-14ல வசூல் ஏறிச்சு. "குறைச்சோம், வசூல் கூடிச்சு"ன்னு இன்னிக்கும் அதைக் காட்டுறாங்க, அது தப்பு. அதுல ஒரு பகுதி முந்தின வருஷமே 50 சதவீதத்துல வந்திருக்க வேண்டிய பணம்.

50 சதவீதம் இருந்ததே மூணு வருஷம். முதல் வருஷமும் கடைசி வருஷமும் இந்த நகர்த்தல்ல கெட்டுப் போச்சு. நடுவுல மிஞ்சுறது 2011-12 மட்டும். அதை வச்சுக்கிட்டு 10 கோடின்னு அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. அதை ஒரு நடு மதிப்பீடா மட்டும் எடுத்துக்கோங்க. உண்மையான இழப்பு அதைவிடப் பல மடங்கா இருந்திருக்கவும் வாய்ப்பு இருக்கு.