நாக்கை நம்பாதீர்கள்: ஒரு இலை, ஒரு ஸ்பூன் சர்க்கரை

வணக்கம். ஏற்காடு அடிவாரத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசுகிறேன். மேலே ஏற 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. இதோ, சிறுகுறிஞ்சான். எங்கள் வீட்டு வேலியில் படர்ந்த கொடி. இரண்டு இலையை மென்று நாக்கு முழுக்கப் புரட்டுகிறேன். ஐயோ, கசப்பு. துப்பியாயிற்று. இப்போது ஒரு ஸ்பூன் சர்க்கரை.

ம்ம். மணல். சத்தியமாக மணல்தான்.

இலையிலுள்ள ஜிம்னிமிக் அமிலம் நாக்கில் இனிப்பை உணரும் இடங்களில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நாக்குக்குத் தெரியவில்லையே தவிர, உள்ளே போன சர்க்கரை சர்க்கரைதான். இந்தக் கொடிக்குச் சர்க்கரைக்கொல்லி என்றும் பெயர். அந்தப் பெயரை நம்பித்தான் எங்கள் பெரியப்பா மாத்திரையை நிறுத்திவிட்டு இதன் பொடிக்கு மாறினார். "நீயே மூலிகையில்தானே டாக்டர் பட்டம் வாங்கினாய்?" என்று என்னையே மடக்கினார்.

வாங்கினேன், உண்மைதான். சேலத்தில் உயிர்வேதியியல் பாடம் எடுக்கிற என்னைப் போன்ற பலருடைய ஆராய்ச்சியும் ஒரு மூலிகை, கொஞ்சம் எலிகள் என்றுதான் ஆரம்பிக்கும். எலிக்குச் சர்க்கரை நோய் தானாக வருவதில்லை, நாங்கள்தான் வரவழைப்போம். ஸ்ட்ரெப்டோசோட்டோசின் ஊசி போட்டால் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் அழிந்துபோகும். பெரியப்பாவுக்கு இருப்பது இரண்டாம் வகை. அதில் இன்சுலின் சுரந்தாலும் உடம்பு அதன் பேச்சைக் கேட்பதில்லை. சுரப்பும் போகப் போகக் குறையும். எலியின் கோளாறு வேறு, அவர் கோளாறு வேறு. எலிக்குச் சர்க்கரை இறங்கியதால் அவருக்கும் இறங்கும் என்று என் ஆய்வேட்டில் எங்கும் நான் எழுதவில்லை. மனிதர்களிடம் இந்த இலையைச் சோதித்த சிறு ஆய்வுகள் உண்டு, ஆனால் மாத்திரையைத் தூக்கிப்போட அது போதாது.

பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாள் பட்டினி கிடந்து என்னை ஏமாற்றவும் பார்த்தார். எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை அதற்கெல்லாம் மசியாது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அதிலுள்ள ஹீமோகுளோபினில் குளுக்கோஸ் ஒட்டியபடியே இருக்கும். இரண்டு மூன்று மாதக் கணக்கு அதில் தெரிந்துவிடும். 6.5 சதவீதம் தொட்டாலே சர்க்கரை நோய், இவருக்கு 9.4.

அப்புறம் விசாரித்தால், விரத நாளெல்லாம் ஜவ்வரிசி உப்புமா! "அது இனிக்கவா செய்கிறது?" என்கிறார். சேலத்துக்காரருக்கு ஜவ்வரிசியைப் பற்றி நான் என்ன சொல்ல? மாணவர்களுக்குச் செய்கிற சோதனையைச் சமையலறையிலேயே காட்டினேன். ஜவ்வரிசிக் கஞ்சியில், சர்க்கரை இருந்தால் நிறம் மாறிக் காட்டும் நீல நிற பெனடிக்ட் கரைசலை விட்டுச் சூடாக்கினால் நீலமாகவே இருக்கும். இன்னொரு குழாயில் அதே கஞ்சியோடு கொஞ்சம் எச்சிலைச் சேர்த்து, கால் மணி நேரம் வைத்து, அப்புறம் அதே கரைசலை விட்டுச் சூடாக்கினால் செங்கல் நிறம். எச்சிலே ஜவ்வரிசியிலுள்ள மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கிவிடுகிறது. பெரியப்பா குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் எச்சிலா இது?" என்றார். அவருடையதேதான்.

சரி, கிளம்புகிறேன். மேலே போய் ஏற்காட்டுக் காபி குடிக்கலாம் என்று வந்தேன். அரை மணி நேரத்துக்காவது எனக்கு இனிப்பு தெரியாது, இலையை இறங்கும்போது மென்றிருக்கலாம்.